ஆறில்லா ஊரிலிருந்து ஆறுகளின் ஊற்றுக்கு

நெல்லியடியிலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் வழமையான ஒரு பட்டியல் இருக்கிறது. கண்டி, பேராதனைப் பூங்கா, இறம்பொடை ஆஞ்சநேயர், நுவரெலியா வாவியில் படகு, சீதா எலியக் கோயில். இவ்வளவும் முடிந்து பொழுதும் மிஞ்சினால் ஹோர்ட்டன் சமவெளி. கடைசியில் நிற்கும் அந்தப் பெயரை முதலில் வைத்து நாங்கள் இம்முறை வெளிக்கிட்டோம். மற்றவை வழியில் கிடைத்தால் பார்ப்பது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுவது என்று புறப்படும்போதே பேசி முடித்திருந்தோம்.

எனக்கு இதில் நெடுநாள் ஆசை. நாங்கள் ஆறில்லா ஊர்க்காரர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஓடும். எங்கள் தொண்டைமானாறு கடல்நீரேரி. நாங்கள் குடிப்பதும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைப்பதும் சுண்ணக்கல்லின் துவாரங்களுக்குள் மாரிமழை விட்டுச்செல்லும் நிலத்தடி நீர். அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கண்டபாட்டுக்கு இறைத்தால் உவர் மேலேறும், உரத்தைக் கொட்டினால் நைத்திரேற்று கிணற்றுக்கு வரும். கிணற்றின் மட்டத்தைப் பார்த்தே ஆண்டைக் கணக்கிடும் சனம் இந்தத் தீவின் பெரிய ஆறுகள் எங்கே பிறக்கின்றன என்று ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டாமா?

அவை பிறக்கும் மேட்டுநிலங்களில் ஹோர்ட்டன் சமவெளிதான் முக்கியமானது. 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி, கொழும்பில் கடலைச் சேரும் களனி, தெற்கே அம்பலாந்தோட்டையில் முடியும் வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இந்த ஒரே மேட்டில் தொடங்குகின்றன. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே 3,160 ஹெக்டேயர் புல்லும் காடுமாகக் கிடக்கும் நிலம் அது. பரப்பில் வில்பத்துவுக்குக் கிட்டவும் வராது. ஆனால் மேற்குப் பக்கத்தில் அதைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் காடு சிவனொளிபாதமலை வரை போகிறது. இந்த இரண்டையும் நக்கிள்ஸ் மலைக் காட்டையும் சேர்த்து 'இலங்கையின் மத்திய மலைநாடு' என்று 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது.

கார் அத்தானுடையது, ஓட்டுவதும் அவர்தான். பின்னாசனத்தில் அக்காவும், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மருமகனும். பின்னிரவில் புறப்பட்டோம். கொடிகாமம் வீதியில் துன்னாலை, முள்ளி, வரணி என்று ஊர்கள் உறங்கிக்கொண்டிருந்தன. கொடிகாமத்தில் ஏ9 ஏறியதும் அத்தான் கண்ணாடியை இறக்கிவிட்டார். பளை தாண்டி ஆனையிறவு வந்தபோது உப்புக்காற்று உள்ளே வந்தது.

ஆனையிறவில் எனக்கு எப்போதும் பொறியியலாளர் ஆறுமுகம் நினைவுக்கு வருவார். 1950களில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வரைந்தவர் அவர். கனகராயன் ஆறு கொண்டுவந்து கொட்டும் வன்னி வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் உப்பாற்றிலும் கதவுபோட்டுக் கடலுக்குப் போகவிடாமல் தேக்குவது திட்டம். வேலை தொடங்கியது, பாதியில் நின்றது. பிறகு போர் வந்தது. இல்லாத ஆற்றைக் கட்டி எழுப்பலாம் என்று ஒரு மனிதர் நம்பிக் கணக்குப் போட்ட இடத்தைத்தான் நாம் எண்பது கிலோமீற்றர் வேகத்தில் கடந்துபோகிறோம். மருமகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்ப ஏன் மாமா இன்னும் முடிக்கேல்லை?" என்று கேட்டான். அவனுடைய வயதில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான்.

கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை. வவுனியாவில் தேத்தண்ணி. மதவாச்சி, மிகிந்தலை தாண்டி, விடியும்போது தம்புள்ளைக்குக் கிட்ட வந்துவிட்டோம். 2006 ஓகஸ்டில் இந்தப் பாதை மூடப்பட்ட பிறகு கொழும்புக்குப் போவதென்றால் கப்பலும் விமானமும் என்றிருந்த காலத்தை மருமகன் அறியான். அவனுக்கு ஏ9 என்பது நேரான, நல்ல, தூக்கம் வரும் ஒரு வீதி. அப்படியே இருக்கட்டும்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையான வீதியில்தான் நான் அத்தானிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். சமதரை முடிந்து இரண்டு பக்கமும் மேடு எழும்பத் தொடங்கும் பகுதி இது. மிளகுக்கொடி, கொக்கோ, வாசனைத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் நடந்துவந்த வழியும் இதுதான். இராமேசுவரத்துப் பக்கம் தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காட்டை ஊடறுத்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் ஆயிரக்கணக்கில் உயிர்குடித்தன. பிழைத்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கே கும்பிட்ட மாரியம்மனுக்குத்தான் இன்று வீதியோரத்தில் 108 அடி இராசகோபுரத்துடன் முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியில் மறுபடியும் நடந்தார்கள்.

கோபுரத்துக்கு முன் காரை நிறுத்திக் கும்பிட்டோம். அக்கா கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, "நாங்கள் ஏசியில வாறம். அதுகள் குழந்தை குட்டியளோட நடந்து வந்திருக்குதுகள்" என்றா. அதற்குப் பிறகு கண்டி வரைக்கும் காருக்குள் ஒருவரும் கதைக்கவில்லை.

கண்டியைச் சுற்றிக்கொண்டு பேராதனைக்கு வந்து கம்பளை வீதி பிடித்தோம். வாகன நெரிசலைத் தவிர அங்கே சொல்ல ஒன்றுமில்லை. கம்பளை தாண்டிப் புசல்லாவையில்தான் மலை மலையாகத் தொடங்குகிறது. வலப்பக்கம் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரிந்தும் மறைந்தும் கூடவே வரும். சமவெளியில் பிறக்கும் அக்கர ஓயா அக்கரப்பத்தனை வழியாக இறங்கி வந்து சேரும் நீரும் அந்தத் தேக்கத்தில் இருக்கிறது. நாங்கள் போகும் இடத்திலிருந்து வந்த தண்ணீரை முதன்முதலில் கண்டது இங்கேதான்.

சமதரையில் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ச் சாரதிகளின் கால் பிரேக்குக்குப் பழகிய கால். மலையில் அது ஆபத்து. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறம்பொடை வளைவுகளில் இறங்கினால் கட்டை சூடேறிப் பிடிமானம் விட்டுவிடும். ஓட்டோ கியர் வாகனம் என்றால் எல் அல்லது இரண்டாம் நிலையில் போட வேண்டும். வளைவில் ஏறிவருகிற வாகனத்துக்கு வழிவிட வேண்டும். பனிப்புகார் மூடினால் பெரிய வெளிச்சத்தை அல்ல, சின்ன வெளிச்சத்தைப் போட வேண்டும். பெரிய வெளிச்சம் புகாரில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணையே குருடாக்கும். அத்தான் இவற்றை அறிந்தவர். ஆனாலும் இறம்பொடைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் அவரும் கண்ணாடியை இறக்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

லபுக்கலைக்குக் கீழே ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தினோம். கடைக்கு வெளியே லீக்ஸ், கரட், பீட்ரூட் மண்வாசத்தோடு அடுக்கியிருந்தது. கடைக்காரர் நடுத்தர வயது. எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"யாழ்ப்பாணமுங்களா?"

"ஓமண்ணை, நெல்லியடி."

"எங்க சித்தப்பா வீட்டாளுங்க கிளிநொச்சியில இருக்காங்க. எழுபத்தேழு கலவரத்துல போனவங்க. அங்க காடு வெட்டிக் குடியிருந்தாங்க. சண்டையில ரொம்பப் பட்டுட்டாங்க. எங்கங்க போறீங்க, சீதையம்மன் கோயிலுக்கா?"

ஹோர்ட்டன் சமவெளிக்கு என்றேன். "விடியக்காலம் போயிருங்க. ஒம்பது மணிக்கு மேல ஒண்ணும் தெரியாது. நம்ம ஆளுங்க எல்லாம் பத்து மணிக்குப் போய் மஞ்சு மூடிக்கிச்சேன்னு திரும்பி வருவாங்க" என்று சொல்லி, கேட்காமலே இஞ்சியைத் தட்டித் தேநீரில் போட்டுத் தந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் மொழி ஒன்று. ஆனாலும் வடக்கில் இருக்கும் நாங்கள் மலையகத்தைப் பார்க்கிற பார்வையில் நெடுங்காலமாக ஒரு குறை இருக்கிறது. குளிருக்கும் தேயிலைப் பசுமைக்கும் போவோம், படம் எடுப்போம், அந்தப் பசுமைக்குள் கூடை சுமந்து நிற்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் திரும்புவோம். பயணத்தில் இந்தத் தேநீர்க்கடையில் இருந்த அரைமணி நேரம் வீண்போனதாக நான் நினைக்கவில்லை.

இரவு நுவரெலியாவில் தங்கினோம். அங்கேயே பெற்றோல் நிரப்பிக்கொண்டோம், மேலே போனால் கிடையாது. காலைச் சாப்பாட்டுக்கு அக்கா புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கடதாசியால் சுற்றினா. சமவெளிக்குப் பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

வெளிச்சம் வருமுன் புறப்பட்டோம். நுவரெலியாவிலிருந்து சமவெளி நடுவிலுள்ள பார் இன் கட்டடம் வரை ஏறத்தாழ 32 கிலோமீற்றர். பிளாக்பூல் சந்தியால் திரும்பி, மரக்கறித் தோட்டங்களையும் யூக்கலிப்ரஸ் காடுகளையும் கடந்து அம்பேவெல வந்தால் பால்பண்ணையின் புல்தரைகள். காற்றாலைகள் இருட்டில் நின்றன. அடுத்தது பட்டிப்பொல. இலங்கையில் மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம் இது. கடவையைத் தாண்டியதும் வீதி ஒடுங்கி, வளைந்து, காட்டுக்குள் ஏறுகிறது. காது அடைத்தது. காரின் வெப்பமானி எட்டுப் பாகை காட்டியது. நெல்லியடியில் யாரும் காணாத எண் அது.

வாயிலில் எங்களுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றன. சீட்டெடுத்த பிறகு பைகளைச் சோதித்தார்கள். "பொலித்தீன் தியெனவாத?" என்று அலுவலர் கேட்க, மருமகன் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் இல்லையென்றான். ஆனாலும் பிஸ்கட் இரண்டு பக்கற் அகப்பட்டது. அவர் கோபப்படவில்லை. பக்கற்றைக் கிழித்துப் பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கொட்டித் தந்தார். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருந்த மெல்லிய லேபலை நகத்தால் உரித்து எடுத்தார். மூடியின் கழுத்திலிருந்த பிளாஸ்ரிக் வளையத்தையும் விடவில்லை. அவருக்குப் பக்கத்திலிருந்த பெட்டி அந்த விடிகாலையிலேயே பாதி நிறைந்திருந்தது. கோயிற் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வண்டிக்கணக்கில் லஞ்சீற்றும் சொப்பிங் பையும் வாங்குகிற எங்கள் ஊரில், நூற்றில் ஒரு பங்கு இந்தக் கண்டிப்பு வந்தால் போதும்.

வாயில் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் காடு விலகியது. அதுவரை மரமும் இருளுமாக இருந்த இடம் திடீரென்று வானமாகிவிட்டது. எட்டின தூரம் வரை வெளிறிய புல் அலையலையாக எழுந்து தாழ்ந்து கிடந்தது. தாழ்வான இடங்களில் வெண்புகார் தேங்கியிருந்தது. பக்கத்தில் தொட்டுப்பொலை மலை, 2,357 மீற்றர். இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரம். ஆனால் நாங்களே அவ்வளவு உயரத்தில் நிற்பதால் அது சாதாரணமான ஒரு மேடாகத் தெரிந்தது. இரண்டாவதான கிரிகல்பொத்தையும் இதே பூங்காவுக்குள்தான். புல்லில் உறைபனி படிந்திருந்தது. மருமகன் இறங்கி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஐஸ்" என்றான்.

வீதியோரம் ஒரு மரைக்கலை நின்றது. கார் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நின்றோம். தோளுயரம் எங்கள் ஊர் நாம்பன் மாட்டுக்குக் குறையாது. கழுத்து மயிர் ஈரத்தில் குத்திட்டு நின்றது, மூக்கிலிருந்து ஆவி பறந்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்லை மேயத் தொடங்கியது. சமவெளியில் இந்த மரைகள் பெருந்தொகையாக இருக்கின்றன. அவற்றை நம்பிச் சிறுத்தைகளும் இருக்கின்றன. யானைகள் இல்லை. முன்பு இருந்தன. வெள்ளைக்காரர் வேட்டையாடித் தீர்த்தார்கள்.

1834 இல் பிஷர், வொற்சன் என்ற இரு படை அலுவலர்கள் இந்த மேட்டுக்கு வந்தார்கள். அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வைத்தார்கள். மலையடிவாரத்து மக்கள் அதற்கு முன்பே மகா எலிய என்று அழைத்துவந்த இடம் அது. சதுப்புமண்ணில் புதைந்து கிடக்கும் மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலநிலையின் கதையை இந்த மண்ணிலிருந்து படித்திருக்கிறார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கே வேட்டைக்கு வந்தவர். அவருடைய பெயர் ஒரு நீர்வீழ்ச்சிக்கு இருக்கிறது. தோமஸ் பார் என்ற தோட்டக்காரரின் வேட்டை விடுதிதான் இன்றைய பார் இன். வந்தவர்களுக்கு விளக்கம் தரும் நிலையமாக இப்போது இருக்கிறது.

ஆங்கிலேயர் செய்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1873 இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாது என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அந்தச் சொல்லை அரசு கேட்டதால்தான் இன்று நாங்கள் பார்க்க இந்தக் காடு மிஞ்சியிருக்கிறது. 1969 இல் சரணாலயமாகவும் 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஆனது.

பார் இன்னில் காரை விட்டு நடக்கத் தொடங்கினோம். உள்ளே சுற்றிவரும் பாதை ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. முதலில் ஓர் ஓடை, பெலிகுல் ஓயாவின் ஆரம்பம். தண்ணீர் தேத்தண்ணிச் சாயம்போலச் செம்மையாக, ஆனால் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக ஓடியது. இலைமக்கு கலந்த கறுப்பு மண்ணின் நிறம் அது. குனிந்து பாதையோரத்துப் புற்கரையைப் பார்த்தேன். புல்லின் வேருக்கும் மண்ணுக்கும் இடையிலிருந்து விரலளவில் நீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. அது பக்கத்துக் கசிவோடு சேர்ந்தது, அது இன்னொன்றோடு. இருபது முப்பது அடி தள்ளி அதற்கு ஓடும் சத்தம் வந்துவிட்டது. ஆறு பிறப்பது அவ்வளவு சாதாரணமாக, காலடியில் நடக்கிறது. முதல்நாளும் அதற்கு முதல்நாளும் மழையில்லை. பின் இந்த நீர் எங்கிருந்து வந்தது?

அதற்கு விடை காட்டுக்குள் இருந்தது. புல்வெளி முடிந்து மரங்களுக்குள் நுழைந்ததும் எங்கள் மேல் துளி விழத் தொடங்கியது. வானம் நீலம். துளி விழுந்தது மரத்திலிருந்து. இங்குள்ள மரங்கள் காற்றுக்கும் குளிருக்கும் பணிந்து குட்டையாக, குடைபோல விரிந்து, முறுகி நிற்கின்றன. சிறிய, தடித்த இலைகள். கிளை முழுதும் பாசியும் நரைத்த தாடிபோல் தொங்கும் லைக்கனும். ஒரு கிளையிலிருந்த பாசியை மெதுவாக உள்ளங்கையால் தொட்டேன், மணிக்கட்டு வரை நீர் வழிந்தது. மலையைத் தழுவிப் போகும் முகிலிலுள்ள நுண்துளிகளை இந்த இலைகளும் பாசிகளும் பிடித்துக் கீழே சொட்டவிடுகின்றன. மழைமானியில் பதியாத மழை இது. கீழே பல நூற்றாண்டு இலைமக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு, கசியவிட்டுக் கசியவிட்டு, மழையில்லாத மாதத்திலும் ஓடையை ஓட வைக்கிறது. மாரிநீரைச் சுண்ணக்கல்லுக்குள் நம்பி வைத்திருக்கும் எங்களுக்கு இந்த வேலை நன்றாகவே விளங்கும்.

இந்த மேட்டிலிருந்து போகும் நீர் எங்கள் வீட்டுக்கு வேறொரு வடிவில் வருகிறது. மேட்டின் மேற்குப் பக்கத்தில் பொகவந்தலாவைக்கு இறங்கும் ஓடை களனியின் கிளையான கெகெல்கமு ஓயாவைச் சேர்ந்து, காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாக லக்சபானா மின்நிலையங்களுக்குப் போகிறது. எங்கள் ஊரில் பெரியவர்கள் தேசிய மின்சாரத்தையே 'லக்சபானா கரண்ட்' என்பார்கள். போர்க்காலத்தில் அது அறுந்து, குப்பிவிளக்கில் படித்த தலைமுறை நாங்கள். இன்று கரவெட்டியில் இறைப்பு மோட்டர் போடும்போது அதில் ஒரு பங்கு இந்தப் பாசியில் சொட்டிய நீருடையது.

காட்டுக்குள் பார்க்கப் பொறுமை வேண்டும். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் பழம் கொத்தியது. மூக்கின் நுனியில் கொம்புள்ள ஓணான் ஒன்று பாசிக்கிளையில் அசையாமலிருந்தது. அதை மருமகன்தான் கண்டுபிடித்தான். இலங்கைக்கு வெளியே உலகில் எங்குமில்லாத இனம். இங்குள்ள தேவாங்கு இன்னும் அரிது. 1939 க்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் காணாமல், அழிந்துவிட்டது என்று எண்ணியிருக்க, 2002 இல் மறுபடி கண்ணிற்பட்டது. அதன் ஒளிப்படங்கள் 2010 இல்தான் வெளிவந்தன. பாதையோரம் நெலுச் செடிகள் பூவின்றி நின்றன. நீலகிரியின் குறிஞ்சிக்கு உறவு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூத்து, விதைத்து, மடியும். 2013 இல் இந்தக் காட்டின் அடித்தளம் முழுதும் நெலுப் பூவாக இருந்தது.

காட்டில் ஒரு துயரமும் இருக்கிறது. பசுமைக்கு நடுவே வெளுத்த எலும்பாகப் பட்ட மரங்கள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. 1970களின் கடைசியிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மண்ணில் ஈயம் சேர்ந்திருப்பது, வறட்சி, மரைகள் கன்றுகளைக் கடிப்பது என்று ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள், ஒன்றில் இன்னும் நிற்கவில்லை. புல்வெளியின் ஓரங்களில் மஞ்சட்பூ முட்செடியான கோர்ஸும் பரவியிருக்கிறது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி அது. தொண்டர்கள் வேரோடு பிடுங்குகிறார்கள், அது மறுபடி முளைக்கிறது. 1960களில் இந்த மேட்டின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு நட்டும் பார்த்தார்கள். கைவிட்டு இத்தனை ஆண்டாகியும் அந்த நிலம் பழைய புல்லாக மாறவில்லை. கீறிவிட்டால் ஆறாத நிலம் இது.

'உலக முடிவு' என்று பெயர்பெற்ற செங்குத்துச் சரிவுகளில் சின்னதைக் கடந்து பெரியதற்கு வந்தபோது எட்டு மணியாகவில்லை. மேட்டுநிலம் அங்கே சட்டென்று அறுந்து, ஏறத்தாழ 870 மீற்றர் கீழே விழுகிறது. கீழே தேயிலைத் தோட்டம், லயன் வரிசைகளின் தகரக்கூரைகள், ஒரு கோயில், நூல்போல ஒரு பாதை. தூரத்தில் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. நாங்கள் காலையில் தாண்டிய பெலிகுல் ஓயா இந்தச் சரிவின் கீழே சமனலவாவித் தேக்கத்துக்குப் போய், வளவையோடு அங்கே போய்ச் சேர்கிறது. அத்தான் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

"தம்பி, எங்கட ஊரில உயரமான இடம் எது?"

"கோயிற் கோபுரம்தான், அத்தான்."

ஒன்பது மணிக்குக் கிட்ட, தேநீர்க்கடைக்காரர் சொன்னபடியே, வெயிலில் சூடேறிய பள்ளத்து ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறி, குளிர்ந்து, புகாராகி மேலே வந்தது. பத்து நிமிடத்தில் தோட்டமும் தேக்கமும் இல்லாமல் போயின. அப்போதுதான் பிந்தி வந்த ஒரு கூட்டம் ஓட்டமாக வந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து ஏமாந்து, அதற்கு முன்னால் படமெடுத்துக்கொண்டு ஓட்டமாகத் திரும்பியது. அவர்களுக்காக எனக்கு மனம் வருந்தியது. பள்ளம் தெரியாவிட்டால் ஒன்றும் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தை நிறைக்கும் முகிலையும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும் காட்டையும் தாண்டிப் போனார்கள். இந்த இடத்தின் உயிர் அந்த முகில்தான்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. இருபது மீற்றர் அளவு உயரத்திலிருந்து அகலமாக, கறுத்த பாறையில் வெள்ளையாக விரிந்து விழுகிறது. கரையில் ரோடோடென்ட்ரன் மரங்கள் சிவந்து பூத்திருந்தன. சிங்களத்தில் மகாரத்மல் என்பார்கள். அக்கா அங்கே ஒரு கல்லில் இருந்துகொண்டு எழும்ப மறுத்துவிட்டா. புட்டு ஆறிப்போயிருந்தது, ஆனால் அந்தக் குளிரில் அதைவிடச் சுவையான சாப்பாடு கிடையாது. வாழையிலையையும் கடதாசியையும் பைக்குள் மடித்து வைத்தோம்.

வாகனத் தரிப்பிடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழகிப்போன மரைகள் சில கார்க் கதவுக்கே வந்து நின்றன. ஒரு குடும்பம், தமிழ்க் குடும்பம்தான், பாணும் கேக்கும் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது. அன்போடுதான் செய்தார்கள். ஆனால் மனிதர் கைப்பட்ட சாப்பாட்டுக்குப் பழகிய மரை குப்பையைக் கிளறும், பொலித்தீனைத் தின்னும், வயிறடைத்துச் சாகும். அத்தான் மெதுவாகப் போய் அவர்களிடம் இதைச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். தம்பிக்காரன் ஒருத்தன் கையிலிருந்ததைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

வந்தவழி போகாமல் ஒஹிய வாயிலால் இறங்கினோம். செங்குத்தான வளைவுகள். முதற்கியரில் விட்டு, பிரேக்கை அருமையாகத் தொட்டு அத்தான் இறக்கினார். கீழே ஒஹியப் புகையிரத நிலையம், பூச்சாடிகளோடு. பிறகு பொரலந்தை, வெலிமடை. வயலும் மரக்கறியுமாக இருந்த அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒவ்வொரு பாலத்திலும் மருமகன், "இதுவும் மேலயிருந்து வாறதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். உமா ஓயாவின் கிளைகள் சில அப்படித்தான் வருகின்றன. அதுவும் மகாவலிக்கே போகிறது.

வடமராட்சிப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகளை மலைநாட்டுக்குக் கூட்டிப்போகிறீர்கள். அடுத்த முறை நுவரெலியாவில் ஓர் இரவு தங்கும்படி ஒழுங்கு செய்து, ஒரு காலைப்பொழுதை முழுதாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒதுக்குங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் சனநெருக்கம், தவிர்த்துவிடுங்கள். உலக முடிவுக்கு விரட்டாமல், முதல் ஓடையில் பிள்ளைகளை நிறுத்தி, புல்லின் அடியில் நீர் கசிவதைக் காட்டுங்கள். அது போகும் கடல் மூதூரா, கொழும்பா, அம்பலாந்தோட்டையா என்று வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள். தடித்த உடுப்பும் நல்ல சப்பாத்தும் அவசியம், பொலித்தீன் வேண்டாம். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும், ஐந்தரைக்கே வரிசையில் நில்லுங்கள்.